நதிமூலம், ரிஷிமூலம், வடிகான்மூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். வடிகானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

எங்கள் ஊரில் வடிகான் ஒளிந்து வாழ்வதில்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் சீமெந்து வாய்க்காலால் ஓடி, மண் வாய்க்காலில் இறங்கி, வாழைப் பாத்திக்குப் போகும். போவதைக் கண்ணால் பார்க்கலாம். பாதியில் தேங்கினால் மண்வெட்டியால் ஒரு இழுப்பு இழுத்துவிடலாம். ஆறு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் தண்ணீர் எங்கே போகிறது என்று கை நீட்டிக் காட்டும். ஐம்பத்தெட்டு வயதில் அதே கேள்விக்கு விடை தெரியாமல் நான் விழிப்பேன் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

இப்போது இருப்பது ஸ்காபரோவில், 1956இல் கட்டிய பங்களா. இந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரில் உள்ளவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் துரையின் வீட்டைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. இங்கே பங்களா என்றால் ஒரு தட்டு வீடு. மேலே மூன்று சின்ன அறை, கீழே பேஸ்மென்ற். பேஸ்மென்ற்றைச் சொல்லாமல் ரொறன்ரோத் தமிழர் கதையை எழுத முடியாது. எண்பதுகளில் வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் தங்கள் முதல் பனியை ஒன்றரை அடி உயரமுள்ள பேஸ்மென்ற் யன்னலால்தான் பார்த்தார்கள். நானும் அப்படி ஒன்றில் ஐந்து பேரோடு கிடந்தவன். பிறகு இரண்டு வேலை, ஒரு கலியாணம், இருபத்தைந்து வருடக் கடன், சொந்தமாக ஒரு பேஸ்மென்ற்.

அந்தப் பேஸ்மென்ற்றில் ஒரு குளியலறை உண்டு. வீட்டோடு பிறந்ததல்ல, இடையில் யாரோ சேர்த்துக்கொண்டது. ஷவரில் குளித்து முடிக்கும்போது கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பல வருடம் சமாளித்தேன். கைகழுவும் பேசின், மேலே யாராவது ரொயிலற் இழுத்துவிட்டால் 'களக், களக்' என்று பேசும். தை மாசக் குளிரில் ஒரு மணம் வரும். அதை இந்த இதழில் விவரிக்க முடியாது.

அங்கே குடியிருக்கும் எங்கள் மகன் ஒரு நாள், "எனக்கு ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட வெக்கமா இருக்கு" என்றான். மனைவி அன்றைக்கே குளியலறையைப் புதுப்பிக்கத் தீர்மானித்துவிட்டா. மூன்று சனி ஞாயிறு ரைல் கடைகளில் கழிந்தன. சாம்பல் நிறத்தில் பதினொரு வகை இருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு பெட்டி வாங்கிக் கராஜில் அடுக்கிய பிறகுதான் பிளம்பருக்குத் தொலைபேசி எடுத்தோம். கலியாண மண்டபம் பதிவுசெய்து, அழைப்பிதழ் அடித்து, பிறகு சாதகம் பார்க்கப் போன மாதிரி.

பிளம்பருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் ஒருவரையொருவர் அண்ணை என்றே கூப்பிட்டுக்கொண்டோம். வயதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ரைல் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ரோர்ச் லைற்றோடு தரையில் குப்புறப் படுத்து, நடுவிலிருந்த ஃபுளோர் ட்ரெயின் ஓட்டைக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணை, உந்த ஷவர்த் தண்ணி எங்க போகுது?"

"கீழ."

"கீழ எண்டா?"

"நிலத்துக்குள்ள."

எங்கே நோகிறது என்று கேட்டால் "உள்ளுக்க" என்று சொல்லும் நோயாளியை வைத்தியர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழும்பிச் சுவரோரம், உத்தரத்தின் கீழ், ஃபர்னஸுக்குப் பின்னால் என்று வெளிச்சம் அடித்துக்கொண்டே நடந்தார். நான் பின்னால் போனேன். பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அந்தக் குழாய்களை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். போர்த்துக்கேயர் 1618இல் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்துத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றினார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். எங்கள் பேஸ்மென்ற்றும் அதே மாதிரித்தான். நிலைக்குத்தாக இறங்கும் கனத்த வார்ப்பிரும்புக் குழாய் முதலாம் சொந்தக்காரர் காலம். அதில் வந்து சேரும் செப்புக் குழாயும் அந்தக் காலத்ததுதான். கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்ரிக் குழாய் இரண்டாம் ஆட்சி. அதன் நுனியில் வெள்ளை பிவிசி மூன்றாம் ஆட்சி. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ரப்பர்ப் பட்டியும் கவ்விகளும். நான்காவது ஆட்சியாகிய நான் செய்த ஒரே திருப்பணி, கசிந்த இடத்தில் ரேப் சுற்றியது. அதைப் பார்த்ததும், "இது ஆர் செய்தது?" என்று பிளம்பர் அண்ணை கேட்டார். முந்தினவர்களாயிருக்கும் என்றேன்.

"எது எங்க போகுதெண்டு தெரியாமல் கொங்கிறீற்றில கை வைக்கேலாது. நான் நிண்டு பாத்தா மணித்தியாலத்துக்குக் காசு. நீங்களே ஒரு கிழமை பாருங்கோ, பாத்துப்போட்டுக் கூப்பிடுங்கோ" என்றார். பார்க்கும் முறையையும் சொல்லித் தந்தார். முன்சுவரோரம் தரையில் கிளீன்அவுட் என்று ஒரு மூடி இருக்கும். வீட்டின் மொத்தக் கழிவும் தெருவுக்குப் போகுமுன் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மூடியைத் திறந்துவைத்து, மேலே ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு நிறத் தண்ணீர் விட்டு, எது எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மூடி பித்தளை. அது உட்கார்ந்திருந்த இடம் இரும்பு. இரண்டும் அறுபது வருடத்துக்கு மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தன. இரண்டு நாள் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, மூன்றாம் நாள் திறந்தேன். திறந்த கணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நிறத்துக்கு என்ன செய்வது? கடையில் சாயக் குளிசை விற்கிறார்கள். "வீட்டில மஞ்சள் இருக்கேக்க என்னத்துக்குக் காசைக் கொட்டுறியள்?" என்றா மனைவி. குசினித் தொட்டிக்கு மஞ்சள், மேல் குளியலறைப் பேசினுக்குப் பீற்றூட் அவித்த தண்ணீர், ரொயிலற்றுக்கு நீலக் குளிசை என்று ஒப்பந்தமானது. மகன் கோவிட் காலத்தில் மிஞ்சிய முகக்கவசங்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு கிளீன்அவுட் அருகே குந்தினான். பன்னிரண்டு படிதான் தூரம், என்றாலும் தொலைபேசியில்தான் கதைத்தோம்.

"அப்பா, மஞ்சள் வரேல்ல."

"பொறு."

"வரேல்ல."

"இன்னொரு வாளி விடுறன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வந்திட்டுது."

"கண்டியா? சொன்னன்தானே."

"இஞ்ச இல்ல. ஷவருக்குள்ள."

மூன்று பேரும் ஷவரைச் சுற்றி நின்று பார்த்தோம். ஓட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் மெல்ல ஊறி மேலே வந்துகொண்டிருந்தது, கும்பாபிஷேகத்தில் மிச்சம் வந்த மாதிரி. கிளீன்அவுட்டுக்கு அது பத்து நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. அப்போதுதான் ஒரு பழைய வழக்கு தீர்ந்தது. ரசம் வைக்கும் நாட்களில் ஷவரில் ரசம் மணக்கிறது என்று மகன் நெடுநாளாக முறையிட்டுவந்தான். சாப்பாட்டைக் குறைசொல்லக் காரணம் தேடுகிறான் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் தீர்ப்பு வழங்கியிருந்தோம். குசினித் தண்ணீரும் ஷவர்த் தண்ணீரும் வழியில் ஒரே குழாயில் சேருகின்றன. அந்தக் குழாய் பல வருட எண்ணெய்ப் பிசுக்கால் அடைந்து, நடுவில் ஒரு விரல் அளவு வழிதான் மிச்சம். குசினியில் வாளி கவிழ்ந்தால் தண்ணீருக்கு முன்னே இடமில்லை, பக்கத்து ஷவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

மஞ்சள் கறை போகவில்லை. வெள்ளை ஷவர்த் தளம் மங்களகரமாக ஆகிவிட்டது. "எப்பிடியும் உடைக்கப் போறம்தானே" என்றா மனைவி. பரிசோதனைக்கு முன் அது "உடைப்பமா?" என்ற நிலையில் இருந்தது.

பேசின் பேசுவதற்கான காரணத்தைப் பிளம்பர் அண்ணை இரண்டாம் முறை வந்தபோது விளக்கினார். ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே குழாய் வளைந்து கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அதன் பெயர் ட்ராப். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் நமக்கும் இடையே நிற்கும் கதவு. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொட்லாந்து மணிக்கூட்டுக்காரர் லண்டனில் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அவருடையது எஸ் எழுத்து மாதிரி வளைவு. எங்கள் பேசினுக்குக் கீழே இருப்பதும் அதே எஸ்தான். மணிக்கூட்டுக்காரருக்குப் பிறகு உலகம் கொஞ்சம் முன்னேறிவிட்டது என்பது இரண்டாம் ஆட்சிக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை. எஸ் வளைவு, தண்ணீர் வேகமாக இறங்கும்போது தான் பிடித்துவைத்த தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக் கொடுத்துவிடும். அதனால் இங்கே புதிதாக அதைப் போட அனுமதி இல்லை.

"வென்ற் இல்லை அண்ணை, அதுதான் காரணம்."

வென்ற் என்பது கூரைக்கு மேலே போய்த் திறக்கும் காற்றுக்குழாய். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் கீழே போவதற்குக் காற்று ஏன் மேலே போக வேண்டும்?

"டின்பாலில எத்தினை ஓட்டை போடுவியள்?" என்று கேட்டார்.

இலங்கையில் வளர்ந்த யாருக்கும் இதற்குமேல் பாடம் தேவையில்லை. ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வராது, அல்லது விக்கி விக்கி வரும். எதிர்ப்பக்கம் இரண்டாவது ஓட்டை போட்டால்தான் நூல் மாதிரி இறங்கும். எங்கள் பேஸ்மென்ற்றுக் குளியலறை ஒரு ஓட்டை போட்ட டின்பால். மேலே ரொயிலற்றைத் தட்டினால் இறங்கும் தண்ணீர், காற்றுக்கு வேறு வழியில்லாமல், பேசின் ட்ராப்பில் இருப்பதை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் 'களக், களக்' ஒரு ட்ராப்பின் கடைசி மூச்சு. முப்பது டொலர் வாசனைத் திரவியங்களால் நாங்கள் அதற்கு வைத்தியம் பார்த்துவந்தோம்.

தை மாச மணம் வேறு கேஸ். ஃபர்னஸ் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுபோகும்போது, யாரும் தண்ணீர் ஊற்றாத ஃபுளோர் ட்ரெயினின் ட்ராப் காய்ந்துவிடுகிறது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டால் கெதியில் ஆவியாகாது என்றார். இப்போது சனிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் வைக்கிறோம். வீட்டில் இன்னும் சனி முழுக்கைக் கைவிடாத ஒரே உறுப்பினர் அதுதான்.

நிறங்கள் பாதிக் கதைதான் சொல்லின. மீதிக்கு நான் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரிடம் போனேன். அறுபதுகளிலிருந்து அதே வீட்டில் இருக்கிறார். ஒரே ஆள் கட்டிய தெரு ஆகையால் அவர் வீடு எங்கள் வீட்டைக் கண்ணாடியில் பார்த்தது போல, இடம் வலம் மட்டும் மாற்றம். அவர் பேஸ்மென்ற்றை யாரும் புதுப்பிக்கவில்லை, 1956 அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் சுவரும் பலகையும் மறைத்த குழாய்களையெல்லாம் அவர் வீட்டில் வெட்ட வெளியில் பார்த்தேன். பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் சிநேகம் பிடிக்க வேண்டியது இப்படியான ஒரு கிழவரைத்தான்.

எங்கள் குளியலறையை இரண்டாம் சொந்தக்காரரும் அவருடைய மைத்துனரும் இரண்டு வாரக் கடைசியில் கட்டி முடித்தார்கள் என்று நினைவுபடுத்திச் சொன்னார். பெர்மிற் எடுத்தார்களா என்று கேட்டேன். சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார வேண்டியதாகிவிட்டது அவருக்கு. பிறகு கைத்தடியால் தன் தரையில் ஒரு கோடு கீறிக் காட்டினார்: இப்படித்தான் வெட்டினார்கள், இங்கே வந்ததும் வைன் முடிந்துவிட்டது.

இதற்குள் செய்தி ஊருக்கும் எட்டியிருந்தது. அக்கா வாட்ஸப்பில் வந்தா. வாஸ்துப்படி ஈசான மூலையில் கக்கூஸ் கூடாதாம். வடகிழக்கு, சாமிக்குரிய இடம். எங்கள் வீட்டின் பிரதான குழாய் சரியாக வடகிழக்கு மூலையால்தான் தெருவுக்குப் போகிறது. பிளம்பர் அண்ணையிடம் பயந்து பயந்து சொன்னேன். "தென்மேற்கில வைக்கலாம் அண்ணை. ஆனா அங்கயிருந்து தண்ணி தானாப் போகாது. குழி வெட்டிப் பம்ப் வைக்கோணும், கரண்ட் போனா நிக்கும்" என்றார். அக்காவிடம் இதைச் சொன்னதும் யோசித்துவிட்டு, "கனடாவுக்கு வடகிழக்கு வேறயா இருக்கும்" என்று அனுமதி தந்தா.

கடைசியாகக் கமரா வந்தது. ஒரு நீண்ட கம்பியின் நுனியில் விளக்கும் கண்ணும். நாங்கள் மூவரும் கதிரை போட்டு உட்கார்ந்தோம். மனைவி தேத்தண்ணி ஊற்றி வந்தா. வார்ப்பிரும்பு முடிந்து வீட்டுக்கு வெளியே குழாயின் நிறம் மாறியது, செம்மண் நிறம். "களிமண் குழாய். சுட்ட மண். இரண்டு மூண்டடித் துண்டுகளாப் பொருத்தியிருக்கிறாங்கள்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கீழடியில் 2019இல் தோண்டியபோது ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன என்றும், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே தமிழன் இந்த வேலையைச் செய்துவிட்டான் என்றும் அங்கிருந்தவர்களுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன். "அதுக்குள்ள வேர் போயிருந்ததோ?" என்று பிளம்பர் அண்ணை கேட்டார். திரையில், இரண்டு துண்டு சேரும் இடத்தால் நுழைந்த மேப்பிள் மரத்து வேர், நரைத்த தாடி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

கமராவைத் திருப்பி இழுக்கும்போது பக்கவாட்டில் ஒரு வாய் தெரிந்தது. நிறத் தண்ணீர் எதுவும் வராத வாய். இது எங்கேயிருந்து என்று அவர் கேட்டார். வீப்பிங் ரைல் ஆயிருக்கலாம் என்றும் தானே சொன்னார். அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்து நிலத்தடித் தண்ணீரைச் சேர்க்கும் குழாயின் பெயர் அது. பெயரைச் சரியாக மொழிபெயர்த்தால் அழுகிற ரைல். மனைவி தலையை நிமிர்த்தி, "அது சாம்பல் நிறத்தில வருமோ?" என்று கேட்டா.

அது வீப்பிங் ரைல் அல்ல. முற்றத்துக்கு வந்து வீட்டைச் சுற்றினோம். முன் மூலையில் கூரைப் பீலியின் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் நேரே மண்ணுக்குள் இறங்கியது. நான் அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன். அயலவர்களின் பீலிக் குழாய்கள் புல்லுக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, எங்களுடையது மட்டும் அடக்கமாகப் பூமிக்குள் போயிற்று. அந்தத் தும்பிக்கைகள் சட்டம். பீலித் தண்ணீரைக் கழிவுக்குழாயோடு இணைக்கக் கூடாது என்று ரொறன்ரோ நகரசபை 2007இல் தீர்மானித்து, 2011 முதல் பகுதி பகுதியாக நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2016 டிசம்பரில் நகரம் முழுவதற்கும் கட்டாயமாக்கியது.

2024 ஜூலை 16 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பியர்சன் விமான நிலையத்தில் அன்று கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் மழை. எங்கள் ஃபுளோர் ட்ரெயினால் தண்ணீர் பொங்கி, மகனுடைய கம்பளம் மிதந்தது. தெருக்கான் கட்டியவர்களை அன்று நான் திட்டிய திட்டுக்கு அளவில்லை, கொண்டாட்டங்களில்கூடத் திட்டினேன். இப்போது முற்றத்தில் நின்று மனக்கணக்குப் போட்டேன். கூரை நூறு சதுர மீற்றர். அதில் கால்வாசி இந்த மூலைக்கு வரும். 98 மில்லிமீற்றரால் பெருக்கினால் 2,450 லீற்றர். தெருக்குழாய் நிரம்பி நின்ற நேரத்தில், என் சொந்தக் கூரையிலிருந்து, என் சொந்தக் குழாயால், என் சொந்தப் பேஸ்மென்ற்றுக்கு நானே அனுப்பிவைத்த தண்ணீர் அது.

தெருவிலிருந்து திரும்பி வருவதைத் தடுக்கப் பாக்வாட்டர் வால்வ் போடலாமே என்று பிளம்பர் அண்ணையிடம் கேட்டேன். நகரசபை அதற்கு உதவிப்பணமும் தருகிறது. போடத்தான் போகிறோம், ஆனால் பீலியை முதலில் வெட்ட வேண்டும் என்றார். வெட்டாவிட்டால் உதவிப்பணமும் கிடையாது. அதைவிட, வால்வ் மூடிக்கொண்டதும் கூரைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் முழுக்க வீட்டுக்குள்ளேயே நிற்கும். பீலிக் குழாயை நான் அன்று பின்னேரமே இரும்பறுக்கும் வாளால் அறுத்தேன். எங்கள் வீட்டிலும் இப்போது தும்பிக்கை இருக்கிறது.

குளியலறையின் வடிவத்தை இறுதியில் குழாய்தான் தீர்மானித்தது. மனைவி ஷவரைத் தூரத்து மூலையில் வைக்க விரும்பினா. சின்னக் குழாய் ஐம்பது அடி போனால் ஓரடி இறங்க வேண்டும் என்பது இங்கத்தைய விதி. அந்த மூலை பதினான்கு அடி, அப்படியானால் கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம் இறக்கம், அதற்கு மேலே ட்ராப்பின் உயரம். பிரதான குழாய் அவ்வளவு ஆழத்தில் இல்லை. ரொயிலற்றுக்கு மூன்று அங்குலக் குழாய் வேண்டும், அதை வார்ப்பிரும்புக்குப் பக்கத்திலேயே வைப்பது நல்லது. மிஞ்சிய இடத்தில் ஷவர். கீறிப் பார்த்தால் அறை இரண்டாம் சொந்தக்காரரும் மைத்துனரும் கட்டியதைப் போலவே வந்தது. வென்ற்றும் ட்ராப்பும் மட்டும் கூட. ரைல் கணக்கும் மாறியது, பன்னிரண்டு பெட்டிக்குப் பதில் ஏழு போதும். மீதி ஐந்தையும் கடை திருப்பி எடுக்காது. சாம்பல் நிறம், அழாதது. யாருக்கும் தேவையென்றால் சொல்லுங்கள்.

இந்த முறை பெர்மிற் எடுத்திருக்கிறோம். ஜாக்ஹாமர் வந்து போய்விட்டது. பேஸ்மென்ற் நடுவே நீளமாக ஒரு குழி, அதில் புதுக் கறுப்புக் குழாய். செவ்வாய்க்கிழமை பரிசோதகர் வந்து பார்க்கும் வரை மூட முடியாது. குழிக்கு மேலே பலகை போட்டிருக்கிறோம். அதற்கிடையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் படியால் இறங்கியதும் இடது பக்கமாக வாங்கோ, வலது பக்கப் பலகை ஆடும்.